பீன்ஸ் வேரிலுள்ள முடிச்செல்லாம் நூற்புழு நோயல்ல

மொரிசியஸ் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், பீன்ஸ் வேரில் முடிச்சு இருந்தால் அது நூற்புழு (மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் நுண்ணிய புழு) நோய், உடனே பிடுங்கி எரியுங்கள் என்றொரு செய்தி சுற்றிவருகிறது. இது தவறு. அவரைக் குடும்பப் பயிர்களின் வேரில் ரைசோபியம் பாக்டீரியா உண்டாக்கும் முடிச்சுகள், காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்குச் சத்தாக்கித் தருபவை. வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அவை விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும், நகத்தால் பிளந்தால் உள்ளே பெரும்பாலும் இளஞ்சிவப்பாக இருக்கும். வேர்முடிச்சு நூற்புழு தாக்கினாலோ வேரே உப்பித் திரளும். அந்த வீக்கத்தை வேரை அறுக்காமல் பிரிக்க முடியாது. தக்காளி, கத்தரி வேர்களில் ரைசோபியம் முடிச்சு உண்டாவதில்லை என்பதால், அங்கே முடிச்சைக் கண்டு நூற்புழுவைச் சந்தேகிப்பது நியாயமே. பீன்ஸையும் நூற்புழு தாக்கக்கூடும். ஐயமிருந்தால் செடியை வேர் அறுபடாமல் மண்ணோடு தோண்டியெடுத்து, மொரிசியஸின் வேளாண் ஆய்வு, விரிவாக்க அமைப்பான ஃபாரெய் (FAREI) நிறுவனத்தில் விவசாயிகளுக்கு ஆலோசனை தரும் விரிவாக்க அலுவலரிடம் காட்டிக் கேளுங்கள். நல்ல செடிகளை எரிக்கச் சொல்லும் அச்செய்தியை, அன்புகூர்ந்து, இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.