பழைய எம்3 தினசரி ஓட்டத்துக்கு ஆகுமா?
புதிய சின்ன கார் விலைக்கு 2007-13 பிஎம்டபிள்யூ எம்3 வாங்கித் தினமும் ஓட்டலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓட்டலாம்தான். ஆனால் அந்த 4.0 லிட்டர் வி8 எஞ்சினின் கனெக்டிங் ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு, சுழலும் கிராங்க் தண்டோடு சேரும் இடத்தில் உள்ள மெல்லிய உலோகத் தாங்கி) பற்றி ஒரு வரிகூட இல்லையே!

பேரிங்குக்கும் கிராங்குக்கும் இடைவெளி மிகக் குறைவு; ஊற்றுவதோ 10டபிள்யூ-60 என்ற கெட்டி ஆயில், சூடேறும்வரை அந்த இடைவெளியில் எளிதில் ஓடாது. சூடேறாத எஞ்சினை விரட்டினால் பேரிங் தேயும், முற்றினால் எஞ்சினே காலி. எஞ்சின் வேகம் காட்டும் டேகோமீட்டரில் சிவப்புக்கு முன்னால் எரியும் விளக்குகள் ஆயில் சூடாகச் சூடாக ஒவ்வொன்றாக அணையும். அதுவரை மிதிக்கக் கூடாது. அலுவலகம் 5 கி.மீ. தூரம் என்றால், ஆயில் சூடாகுமுன் வண்டி பார்க்கிங்கில் நிற்கும். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கார் வேண்டவே வேண்டாம்.

வாங்கும்போது பேரிங் மாற்றிய பில்லைக் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழியுங்கள். எஞ்சினைக் கழற்றத் தேவையில்லை. எஞ்சினுக்குக் கீழே உள்ள முன் சப்ஃப்ரேம் சட்டத்தை இறக்கி, ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால் போதும். மாற்ற வேண்டியது 16 ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் துண்டு), 16 போல்ட். போல்ட் புதிதாகத்தான் போட வேண்டும், பழசு இழுபட்டிருக்கும்.

அடுத்தது த்ராட்டில் ஆக்சுவேட்டர் (எஞ்சினுக்குக் காற்று விடும் வால்வைத் திறக்கும் மோட்டார்), இரண்டு உண்டு. ஒன்று போனாலும் வண்டி இழுக்காது. ஆயில் பார்க்கக் குச்சியும் கிடையாது, திரையில்தான் அளவு. நகருக்குள் 100 கி.மீ.க்கு 15 லிட்டர் பெட்ரோல் சர்வசாதாரணம்.

பழைய ஆயிலை லேபில் கொடுத்துச் பேரிங் தேய்ந்து கலந்த செம்பு, ஈயம் உண்டா என்று பார்ப்பது நல்லதுதான். ஆனால் ரிப்போர்ட் சுத்தமாக வந்தாலும் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்புண்டு. அதைக் காட்டி விற்பவர் விலை ஏற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.