கார் ஷெட் வேறு, மொட்டை மாடி வேறு

நேற்றிலிருந்து நம் குரூப்பில் சுற்றிக்கொண்டிருக்கும் அந்த மடிப்பாக்கம் கார் ஷெட் படங்களை மறுபடி இங்கே போடவில்லை. எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். தளத்தின் அடியில் நட்டநடுவே ஓடும் விரிசல், கார் பானெட்டில் திட்டுத்திட்டாகச் சொட்டிய சுண்ணாம்புத் தண்ணீர். பார்த்தவர்கள் எல்லாம் ஒரே குரலில் "மேஸ்திரி ஏமாத்திட்டான்" என்கிறீர்கள். ஆனால் வீட்டுக்காரரே அதே பதிவில் எழுதியிருக்கிறார்: காருக்கு நிழலாகப் போட்ட 4 அங்குலத் தளம் அது. இரண்டு வருடம் கழித்து அதன் மேல் செம்மண் கொட்டிப் புல் வளர்த்து, ஊஞ்சலும் மாட்டியிருக்கிறார்கள். அந்த ஒரு வரியை யாருமே படிக்கவில்லையா?

மேலே ஆள் நிற்கப் போகிறார் என்றால் அது ஷெட் இல்லை. இதை அஸ்திவாரம் தோண்டும் முன்பே முடிவு செய்ய வேண்டும். தளம் போட்ட பிறகு ஆசைப்பட்டால் அந்தத் தளத்துக்கு உங்கள் ஆசை தெரியாது.

கணக்கைப் பாருங்கள். கட்டடச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 875 இரண்டாம் பகுதிப்படி, ஆள் ஏறாத கூரைக்கு எடுக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 75 கிலோ. ஆள் ஏறும் மாடிக்கு 150. பால்கனிக்கு 300. நாலு பேர் கூடி உட்காரும் இடத்துக்கு நான் 300-க்குக் குறைத்து எடுக்கவே மாட்டேன். இப்போது அந்தச் செம்மண்ணுக்கு வருவோம். நனைந்த மண் ஒரு கன அடி 50 கிலோவுக்குக் குறையாது. 6 அங்குலம் பரப்பினால் சதுர அடிக்கு 25 கிலோ, சதுர மீட்டருக்கு 270. ஷெட்டுக்கு நினைத்தது 75. ஊஞ்சலில் யாரும் உட்காரும் முன்பே கணக்கு மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது. எந்த மேஸ்திரி கட்டியிருந்தாலும் அந்தத் தளம் இதை எப்படித் தாங்கும்?

"எங்க தாத்தா வீட்டு மாடியில நாப்பது பேர் உட்கார்ந்து பந்தி சாப்பிட்டோம், ஒண்ணும் ஆகலையே" என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, அது மெட்ராஸ் டெரஸ் என்ற பழைய முறை மாடி. நெருக்கமாக அடுக்கிய தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் செங்குத்தாக நிறுத்திய செங்கல், சுண்ணாம்பு, நாலு பக்கமும் கனமான சுவர். கார் ஷெட்டுக்கு முன்பக்கம் சுவரே கிடையாது. இரண்டையும் ஒப்பிடாதீர்கள்.

"எஸ்டிமேட்டை ஏத்தத்தான் பயமுறுத்துறார்" என்று என்னைப் பற்றி இன்னொருவர். இது எனக்கு வலித்தது. 12-க்கு 20 அடித் தளத்தில் 4 அங்குலத்தை 5 ஆக்கினால் கூடுவது 20 கன அடி கான்கிரீட். நாலைந்து மூட்டை சிமென்ட். கூடவே 20 அடியின் நடுவில் குறுக்கே ஒரு பீம், அதற்கு இரண்டு தூண், கொஞ்சம் கூடுதல் கம்பி. மூலைகளில் நாலோடு சேர்த்து ஆறு தூண் வந்துவிட்டால் தளம் 10-க்கு 12 என்று இரண்டு துண்டாகும், 10 எம்எம் கம்பி 6 அங்குல இடைவெளியில் இரண்டு திசையிலும் போகும். உங்கள் மண்ணுக்கும் அளவுக்கும் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கணக்குப் போட்டுத் தரட்டும். நான் சொல்வது பொதுவான அளவு. இதில் எனக்கு என்ன லாபம், சொல்லுங்கள்.

இரும்புச் சட்டத்தில் டெக், அதாவது நடைதளம், போடலாமே என்று கேட்டவர் சரியாகத்தான் கேட்டார். போடலாம், அதையும் அதே 300 கிலோவுக்குப் போட வேண்டும். கடற்காற்றில் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடற்காற்று என்றதும் இன்னொன்று. திருவான்மியூர், பெசன்ட் நகர், ஈசிஆர் பக்கம் கட்டுகிறவர்கள் தயவுசெய்து எம்20 என்ற வலுவுள்ள கான்கிரீட்டோடு நிற்காதீர்கள். கடலோரத்துக்கு கான்கிரீட் தரநிலை ஐஎஸ் 456 கேட்பது அதைவிட வலுவான எம்30, கம்பிக்கு 45 எம்எம் கவர் (கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம்). 45 எம்எம் கவர் வைத்தால் 5 அங்குலத் தளம் போதாது, அதையும் இன்ஜினியரிடம் சொல்லுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் களிமண்ணும் கொட்டி நிரப்பிய மண்ணும்தான் பிரச்சினை. பூட்டிங் (தூணின் அஸ்திவார அடிப்பகுதி) நிரப்பிய மண்ணைத் தாண்டி இயற்கை மண்ணில் உட்கார வேண்டும். வீட்டுச் சுவரோடு ஷெட்டை ஒட்டிக் கட்டாதீர்கள். வீடு ஏற்கெனவே இறங்கி முடிந்திருக்கும், ஷெட் இனிமேல்தான் இறங்கும். நடுவில் 1 அங்குல இடைவெளி, அதில் தெர்மாகோல், மேலே தண்ணீர் போகாதபடி மூடி. இதை விட்டால் முதல் மழைக்காலத்திலேயே அந்த ஒட்டில் கோடு விழும்.

ஒழுகல் அதைவிடப் பெரிய பிரச்சினை. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. 12-க்கு 20 தளத்தில் அது கிட்டத்தட்ட 11,000 லிட்டர். வாட்டம் இல்லாவிட்டால் தேங்கும் தண்ணீரும் சுமைதான். 12 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம் வேண்டும். 4 அங்குல பைப் இரண்டு, ஒன்றில் மாமரத்து இலை அடைத்தாலும் மற்றது இழுக்கும்படி. வாட்டர்ப்ரூஃபிங்கைத் தரையோடு நிறுத்தாமல் கைப்பிடிச் சுவரில் ஓரடி ஏற்றுங்கள், மூலையில் கோவிங் (சுவரும் தரையும் சேரும் இடத்தில் வளைவாகப் பூசுவது) போட்ட பிறகு. டைல்ஸ் ஒட்டும் முன் பாத்தி கட்டி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள்.

இவ்வளவும் செய்துவிட்டு, கடைசி நாளில் ரெய்லிங்காரர் வந்து தளத்தில் ட்ரில் போட்டு பேஸ் பிளேட்டை முடுக்கிவிட்டுப் போவார். போட்ட வாட்டர்ப்ரூஃபிங்கில் வரிசையாக நாற்பது ஓட்டை. அதனால்தான் சொல்கிறேன், தளத்தோடு சேர்த்தே ஓரத்தில் 6 அங்குலக் கான்கிரீட் கட்டை வார்த்துவிடுங்கள், ரெய்லிங் அதன் மேல் நிற்கட்டும். தரையிலிருந்து 3 அடி 4 அங்குல உயரம், கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி வேண்டாம், குழந்தை தலையை விடும். பந்தல் போடுகிறவர்கள் வர்தா புயலை மறக்காதீர்கள். சென்னைக்குக் கணக்கில் எடுக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர். டெக்குக்குத் தனியாக ஸ்க்ரூ போட வேண்டாம், பெடஸ்டல் (குட்டிக் கால்கள்) மேல் உட்காரும் டைல்ஸ் போதும். தண்ணீர் அடியில் ஓடும், கழற்றித் துடைக்கலாம்.

மேஸ்திரி தவறே செய்ய மாட்டார் என்று நான் சொல்லவில்லை. செய்வார்கள். கான்கிரீட் கொட்டும்போது பீம் மேலுள்ள மேல்கம்பியை மிதித்துக் கீழே இறக்கிவிடுவார்கள், அதற்குச் 'சேர்' கம்பி (மேல்கம்பியைத் தாங்கிப் பிடிக்கும் வளைந்த கம்பி) வைத்துப் பார்க்க வேண்டும். ஆனால் "வாடகை ஏறுது, சென்ட்ரிங்கை (தளத்தைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரிங்க" என்று நாலாம் நாளே போன் போடுவது யார்? 12 அடித் தளத்துக்கு முட்டு 7 நாள் நிற்க வேண்டும், பீமுக்கு 14 நாள். சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமென்ட் என்றால் 10 நாள் தண்ணீர் விட வேண்டும். மொட்டை வெயிலில் பாத்தி காய்ந்து கிடந்தால் அந்த வீட்டில் இருப்பவர்தானே ஒரு குடம் ஊற்ற வேண்டும்? ஷெட் என்று சொல்லி ஷெட்டுக்குக் கூலி பேசி, ஷெட்டையே கட்டிக் கொடுத்த மனிதர், இரண்டு வருடம் கழித்து மேலே தோட்டம் வரும் என்று எப்படிக் கனவு காண முடியும்?

வீட்டுக்காரருக்கு: காரை இன்றைக்கே வெளியே எடுங்கள். புல்லையும் மண்ணையும் ஓரத்தில் குவிக்காமல், சாக்கில் கட்டி உடனே கீழே இறக்குங்கள். நடுவில் பலகை கொடுத்து ஜாக்கி முட்டு வையுங்கள். யாரும் மேலே ஏற வேண்டாம். இன்ஜினியர் வந்து பார்க்கும் வரை விரிசலில் சிமென்ட் பூசி மறைக்காதீர்கள், அது அகலமாகிறதா என்று தெரிய வேண்டும்.

கமெண்ட்டில் அந்த மேஸ்திரியின் போன் நம்பரைப் போட்டவர்கள், இந்தப் பதிவைப் படித்ததும் போய் அழித்துவிடுங்கள். காலையிலிருந்து அவருக்கு முகம் தெரியாதவர்கள் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.