நகலெடுத்தார் என்பது சரியா?

பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் பறவைகளின் பாட்டை அப்படியே பியானோவில் நகலெடுத்தார் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. அந்தக் கருவியால் அது முடியவே முடியாது! பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே உள்ள நுண்சுருதி அதில் கிடையாது. கமகம் போல் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லவும் வழியில்லை. சிறு பறவைகள் பலவும் பியானோவின் மேல் எல்லையைத் தாண்டிப் பாடுகின்றன, அதுவும் விரல்களுக்கு எட்டாத வேகத்தில். மெசியான் வேகத்தைக் குறைத்தார், பாட்டைக் கீழ் ஸ்தாயிக்கு இறக்கினார், நுண்ணிய இடைவெளிகளை அரைச்சுர அளவுக்கு விரித்தார். குரலின் கரகரப்பையும் மினுமினுப்பையும் கொண்டுவர, சுரத்துக்குச் சுரம் வேறு வேறு சுரக்கூட்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களை) அடுக்கினார். என்னைக் கேட்டால், மேதைமை இந்தக் கடைசி வேலையில்தான் இருக்கிறது.

1956 முதல் 1958 வரை அவர் எழுதிய 'பறவைகளின் பட்டியல்' என்ற பியானோ படைப்பு 13 பகுதிகள் கொண்டது. நீளமான நடுப்பகுதியில் நாணல் கதிர்க்குருவி மட்டுமல்ல, குளமும் தவளைகளும் சூரிய உதயமும்கூட உண்டு. (முதல் தடவை கேட்பவருக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், பொய் சொல்வானேன்.)

இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான ராவெலின் 'சோகப் பறவைகள்' என்ற பியானோ படைப்பு பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே? அது மெசியான் பிறப்பதற்கு முன்பே வந்துவிட்டது.