ஒரே தோட்டத்து வைனும் பெயர் தொலைத்த தேயிலையும்

'ஒரே தோட்டத்துத் திராட்சை' என்று போத்தலில் எழுதுவது விலையைக் கூட்டுவதற்கு, வேறொன்றுமில்லை என்று கொழும்பு நண்பர்கள் பலர் அடித்துச் சொல்கிறார்கள். விலை கூடுவது உண்மைதான். வேறொன்றுமில்லை என்பதை நான் ஒப்புக்கொள்வதாக இல்லை.

மெல்பேர்னிலிருந்து வந்த மைத்துனர் மவுண்ட் எடெல்ஸ்டோன் என்ற ஒரே தோட்டத்துச் சிவப்பு வைன் கொண்டுவந்திருந்தார். வெள்ளவத்தை வீட்டில் திறப்பதற்குமுன் அதைக் கால்மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அவர் முகத்தைச் சுளித்தார். சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டுமாம்! அந்த விதி ஐரோப்பியக் குளிர்வீடுகளுக்கு எழுதியது. நம் வீட்டின் 30 பாகையில் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

தோட்டம் இருப்பது தென் அவுஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீற்றர் உயரத்தில். பள்ளத்தாக்கு என்று பெயரே தவிர, அது மேட்டுநிலம். கீழே பரோசாப் பள்ளத்தாக்கின் வெயிலில் திராட்சை சீக்கிரம் பழுத்துப் பாகுபோல் கனக்கும். மேலே இரவுகள் குளிர்வதால் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பும் கரைந்துபோகாமல் நிற்கிறது. ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சை இனத்தின் கொடிகள் 1912இல் நட்டவை. ஐரோப்பியத் தோட்டங்களை அழித்த ஃபைலொக்செரா என்ற வேர்ப்பூச்சி தென் அவுஸ்திரேலியாவை எட்டவில்லை. அதனால் இவை அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுப்போடாமல் சொந்த வேரிலேயே நிற்கின்றன. (நாம் அவ்வளவு பாக்கியசாலிகள் அல்லர். 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய்க்கு மலையகம் தன் கோப்பியையே பறிகொடுத்தது.) சாராயம் சேர்த்த இனிப்பு வைன்களே அந்நாட்டில் விலைபோன காலத்தில், 1952இல், வைன் தயாரிப்பாளர் சிரில் ஹென்ஷ்கி இந்தத் தோட்டத்துப் பழத்தைத் தனியாகப் போத்தலில் அடைத்தார். துணிச்சல்காரர்.

கிண்ணத்தில் முதலில் வந்தது மிளகு. பிறகு கறுத்த பழம், அதற்கடியில் கசக்கிய இலையின் வாசம். மிளகு என்பது வைன் பிரியர்களின் அலட்டல் அல்ல. ரோட்டண்டோன் என்ற சேர்மம் நம் கறுப்பு மிளகிலும் இருக்கிறது, ஷிராஸ் தோலிலும் இருக்கிறது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008இல் அதை உறுதிசெய்தார்கள். குளிர்ந்த இடத்துப் பழத்தில் அது கூடுதல். ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் மூக்குக்கு அது எட்டுவதே இல்லை. மைத்துனர் அந்த ஐந்தில் ஒருவர் என்பது என் சந்தேகம்.

சரி, ஒரே தோட்டம் என்பதால் சுவை உயர்ந்துவிடுமா? கட்டாயம் இல்லை. பென்ஃபோல்ட்ஸ் கிரேஞ்ச் என்ற புகழ்பெற்ற அவுஸ்திரேலிய வைன் பல வட்டாரத்துப் பழங்களின் கலவை. 1951 முதல் ஒரு வருடமும் தவறாமல் வருகிறது. ஓரிடத்தில் மழை கெடுத்தால் இன்னோரிடத்தில் ஈடுகட்டலாம். ஒரே தோட்டத்தைப் பெயராகப் போட்டவருக்கு அந்த வசதி கிடையாது. இதே ஹென்ஷ்கி குடும்பத்தின் இன்னொரு ஒரே தோட்டத்து வைனான 'ஹில் ஒஃப் கிரேஸ்' 2000இலும் 2011இலும் வெளிவரவே இல்லை. நான் மதிப்பது அந்த வெறுமையை. பெயரைப் போட்டவர் தப்பிக்க வழியை அடைத்துக்கொள்கிறார்.

இதைப் புரிந்துகொள்ளக் கொழும்பைவிடப் பொருத்தமான ஊர் எது? 1883 முதல் இங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. ஒவ்வொரு தொகுதியும் தோட்டத்தின் பெயரோடுதான் வருகிறது. சுவைஞர்கள் வரிசையாக உறிஞ்சி, துப்பி, எழுதுகிறார்கள். ஜூலை முதல் செப்டெம்பர்வரை ஊவா மலைப்பகுதியில் வறண்ட காற்று வீசும்போது கொழுந்தில் ஒரு குளிர்ந்த வாசம் ஏறும். வலித் தைலத்தில் இருக்கும் அதே மெதில் சலிசிலேட்தான் அது. அதே தோட்டம் மார்ச்சில் அதைத் தராது. இவ்வளவும் தெரிந்த ஊரில், கலவைக்காரர் கைக்குப் போனதும் தோட்டமும் மாதமும் பெரும்பாலும் மறைந்துபோகின்றன. பெட்டியில் 'சிலோன்' மட்டும் மிஞ்சுகிறது. கொழுந்து பறித்தவர்களின் பெயர் என்றைக்குமே அச்சேறியதில்லை. அது வேறு கதை, இதைவிடப் பெரிய கதை.

அந்த வைனை நான் சொந்தக் காசில் வாங்கப்போவதில்லை. அந்த விலைக்கு ஒரு வருடத் தேயிலை வாங்கலாம். ஆகஸ்ட் மாதத்து ஊவா, தோட்டத்தின் பெயரோடு, கலப்பில்லாமல் வெள்ளவத்தைப் பக்கம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பரிசுப் பெட்டி வேண்டாம், சாதாரணப் பொதியே போதும்.