கரண்ட் இருக்கிறது, எங்கள் தெருவுக்கு வரத்தான் வழியில்லை

நேற்று இரவு 11.40. ஃபேன் முதலில் முனகியது, வேகம் குறைந்தது, நின்றது. நான்கு நாளில் மூன்றாவது முறை. எழுபத்தாறு வயது அம்மா பால்கனியில் நாற்காலி போட்டு, முந்தானையால் விசிறிக்கொண்டு இரண்டரை மணி வரை உட்கார்ந்திருந்தார். சென்னையின் மே மாதப் புழுக்கத்தில் அது என்ன கொடுமை என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"லோடு தாங்கலை சார், ட்ரிப் ஆயிடுச்சு." இதுதான் எப்போதும் பதில். சொன்ன லைன்மேன் மீது எனக்குக் கோபமே இல்லை. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸில் கருகிப்போன ஃபியூஸைத் தனியாளாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. கோபமெல்லாம், இந்த லோடு வரும் என்று தெரிந்தும் கையைக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் மீதுதான்.

மின்சாரத்துக்குப் பற்றாக்குறை இல்லை என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். 2024 மே மாதம் தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,000 மெகாவாட்டைத் தாண்டியது, அதையும் சமாளித்தார்கள். ஆனால் கரண்ட் 400, 230, 110 கேவி (கிலோவோல்ட்) என்று படிப்படியாக இறங்கி, துணைமின் நிலையத்தில் 11 கேவி ஆகி, அங்கிருந்து தெருக்களுக்கு வரும் லைனான ஃபீடரில் ஓடி, தெரு டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டினால்தான் என் வீட்டுக்கு 230 வோல்ட் வரும். அந்தக் கடைசி இரண்டு படியில் உளுத்துக் கிடக்கிறதே, அதைப் பற்றி ஏன் யாரும் வாய் திறப்பதில்லை?

எங்கள் தெருக் கணக்கைப் பாருங்கள். தனி வீடு நின்ற இடத்தில் எட்டு ஃபிளாட். வீட்டுக்கு இரண்டு ஏசி. ஒன்றரை டன் ஏசி ஒன்று ஏறக்குறைய ஒன்றரை கிலோவாட் இழுக்கும். ஆக ஒரு கட்டடத்துக்கு 24 கிலோவாட், வெறும் ஏசிக்கு. இப்படிப் பத்துக் கட்டடம் சேர்ந்தால் 240 கிலோவாட், ஏறக்குறைய அவ்வளவே தாங்கும் ஒரு 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர் அதிலேயே தீர்ந்துவிடும். கட்டடத்துக்கு அனுமதி கொடுத்தார்கள், மீட்டர் கொடுத்தார்கள், டெபாசிட் வாங்கினார்கள். டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் பழையதேதான். அதைக் குளிர்விக்க உள்ளே ஊற்றியிருக்கும் எண்ணெய் பகல் முழுக்க வெந்திருக்கும், அது இரவில் ஆற வேண்டும். அந்த நேரத்தில்தான் எல்லா ஏசியும் ஓடுகிறது, காற்றும் அனலாக நிற்கிறது. எப்படி ஆறும்?

ட்ரிப் ஆவது தப்பில்லை. சுமை மீறினால், அதைக் கண்காணிக்கும் ரிலே, பிரேக்கர் என்ற சுவிட்சைத் திறந்து கரண்டை நிறுத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எரிந்துவிடும். ஆனால் வாரத்துக்கு மூன்று முறை ட்ரிப் ஆனால், என்னால் முடியவில்லை என்று அது கதறுகிறது என்று அர்த்தம்.

தம்பி துபாயில் இருக்கிறான். பாலைவன ஊர், கோடையில் 45 டிகிரி, ஏசி இல்லாமல் அங்கே உயிரே வாழ முடியாது. அங்கே 132 கேவியை 11 கேவியாக இறக்கும் துணைமின் நிலையங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. மணலும் வெயிலும் படாமல், வாயு நிரப்பிய உறைக்குள் சுவிட்ச்கியரை, அதாவது கரண்டை இணைத்துத் துண்டிக்கும் கருவிகளை, அடைத்துக் கட்டடத்துக்குள் வைக்கிறார்கள். அது எண்ணெய்ப் பணம் என்று யாரும் மழுப்ப வேண்டாம். இடம் குறைவாகப் பிடிக்கும் அதே வகை நிலையங்கள் சென்னையிலும் இருக்கின்றன. எங்கள் பக்கம் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி.

நம்மவர்களையும் விடமாட்டேன். துணைமின் நிலையத்துக்கு இங்கே இடம் பார்த்தபோது, "எங்க வீட்டுப் பக்கத்துல வேண்டாம்" என்று கையெழுத்து வேட்டை நடத்தியவர்கள்தான் நேற்று நள்ளிரவில் தெருவில் நின்று கத்தினார்கள். 2024 செப்டம்பர் 12 இரவு மணலி துணைமின் நிலையத்தில் தீப்பிடித்தபோது சென்னையின் பல பகுதிகள் இருண்டதே, அதற்குள் மறந்துவிட்டதா? ஒரு நிலையம் விழுந்தால் தாங்க இன்னொன்று வேண்டாமா?

எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ, இரவு பதினொரு மணிக்கு அதன் மேல் எவ்வளவு லோடு, எந்தத் தேதியில் மாற்றப்போகிறீர்கள்: இந்த மூன்றையும் எழுதிக் கேட்டு மின்வாரியத்துக்கு மனு கொடுத்து ஏழு வாரமாகிறது. இன்றைக்கும் போனேன். "மேலே அனுப்பியிருக்கோம்" என்றார்கள். நாளையும் போவேன்.