பழகாது ஐயா, பழகாது

ரயில் சத்தம், அதிர்வு பற்றிப் பேசிய அந்தக் கூட்டத்தின் காணொளியை உங்களில் பாதிப் பேர் பகிர்ந்துவிட்டீர்கள், அதனால் கதையைத் திரும்பச் சொல்லவில்லை. "ராத்திரியில கட்டிலே ஆடுதுங்க" என்று அந்த அம்மா எழுந்து சொன்னதும், மேடையில் இருந்தவர் "கொஞ்ச நாள்ல பழகிடும்மா" என்று சிரித்தாரே, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. கூடவே சிரித்தவர்களையும் பார்த்தேன்.

பழகாது. காது வேண்டுமானால் பழகும், உடம்பு பழகாது. தூக்கம் கலையாமல் கிடப்பவருக்குக்கூட ரயில் கடக்கும்போது இதயத் துடிப்பு கூடுவதைத் தூக்க ஆய்வுகளில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். ரயில் சத்தம் அவ்வளவாக உறுத்தாது என்று சொல்லி ஜெர்மனியில் ரயிலுக்கு மட்டும் சத்தக் கணக்கில் 5 டெசிபல் கழித்துக்கொள்ளச் சலுகை கொடுத்து வைத்திருந்தார்கள். 2015-ல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். நம்மிடம் மட்டும் இன்னும் "பழகிடும்".

நான் வளர்ந்தது தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில். பயணிகள் ரயிலை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை. நடுராத்திரி சரக்கு ரயில்தான் வேறு மாதிரி. முதலில் அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும், அப்புறம் முதுகுக்குக் கீழே கட்டில் நடுங்கும். அப்பா இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த சமயம், அந்த நேரத்துக்கு முன்பே விழித்துக்கொண்டு கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்தபடி கிடப்பார். வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை. அவரிடம் போய்ச் சொல்லுங்கள், பழகிடும் என்று.

"அளந்தாச்சு, வரம்புக்குள்தான் இருக்கு" என்கிறார்கள். எதை அளந்தீர்கள்? பல மணி நேரச் சராசரியை. ரயில்கள் விட்டுவிட்டுத்தான் போகும், இடையில் இருக்கும் அமைதியையும் சேர்த்து வகுத்தால் எண் குறையத்தான் செய்யும். தூங்குகிறவரை எழுப்புவது சராசரி அல்ல, அந்த ஒரு ரயில். உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ரயில் சத்தத்துக்கு இரவு வரம்பைத் தனியாகவே 44 டெசிபல் என்று வைத்திருக்கிறது. அதுகூட இரவுச் சராசரிதான், அதுவும் சத்தத்துக்கு மட்டும்தான். அதிர்வு வேறு, அது மண் வழியாக அஸ்திவாரத்துக்குள் வருவது.

அதனால் "தடுப்புச் சுவர் கட்டித் தருகிறோம்" என்பதும் பதில் இல்லை. சுவர் காற்றில் வரும் சத்தத்தை மறிக்கும், மண்ணுக்குள் வருவதை என்ன செய்யும்? பிரேக் பிடிக்கும்போது சறுக்கித் தட்டையாகிப்போன சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் தண்டவாளத்தைச் சம்மட்டியாக அடிக்கிறது. அந்தச் சக்கரத்தைக் கடைந்து சரிசெய்யுங்கள், தண்டவாளத்தின் மேடுபள்ளத்தைத் தேய்த்து எடுங்கள், ஜல்லிக்கு அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள். புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லையே.

"அப்போ ரயிலே வேண்டாமா?" என்று கேட்க வருபவர்கள் வரவே வேண்டாம். ரயில் வேண்டாம் என்று அந்த அம்மாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

"தண்டவாளம் முன்னாடியே இருந்தது, நீங்கதான் பக்கத்துல போய்க் குடியேறினீங்க" என்பவர்களுக்கு: சரி, இருந்தது. இத்தனை ரயில் இருந்ததா? இவ்வளவு பாரம் இருந்ததா? ராத்திரி முழுக்க ஓடப்போகிறது என்று யாராவது கதவைத் தட்டிச் சொன்னார்களா?

"வித்துட்டுப் போக வேண்டியதுதானே" என்று போன பதிவில் எழுதியவர் என் நண்பர் பட்டியலிலேயே இருக்கிறார், அதுதான் அதிகம் வலித்தது. அப்பா போன பிறகும் அம்மா அந்த வீட்டிலேயேதான் இருக்கிறாள், வர மாட்டேன் என்கிறாள். அது ஏன் என்று உங்களுக்கு விளக்கம் சொல்லும் கடமை அவளுக்கு இல்லை.