டெவர்ஸை விற்ற கதை, பிரெக்மன் போன பிறகு

பேஸ்பால் ஆட்டக்காரர் அலெக்ஸ் பிரெக்மன் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியை விட்டு சிகாகோ கப்ஸ் அணிக்குப் போனதிலிருந்து பாஸ்டனில் பழைய சண்டை மறுபடி கிளம்பிவிட்டது. ரஃபேல் டெவர்ஸை விற்றிருக்கலாமா, கூடாதா? ஆபீஸில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் யாராவது இந்தப் பேச்சை எடுத்தால் டிபன் பாக்ஸ் மூடுகிற வரை ஓயாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பவர் ஹிட்டரை (பந்தை வேலிக்கு மேலே தூக்கி ஹோம் ரன் அடிப்பவரை) எந்தக் காலத்திலும் விற்கவே கூடாது என்று சொல்கிற ஆள் இல்லை நான். ஆனால் ரெட் சாக்ஸ் நிர்வாகம் 2025 ஜூன் 15 அன்று செய்ததை வியாபாரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மனஸ்தாபத்துக்கு முடிவு கட்டப் போய், அணியிலேயே நல்ல பேட்டரைக் கையோடு அனுப்பிவிட்டார்கள்.

பேஸ்பால் பார்க்காத நண்பர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் பின்னால் போகிறேன். டெவர்ஸ் டொமினிகன் குடியரசுக்காரர். இடதுகை பேட்டர். 2017 ஆகஸ்டில், 20 வயதில், நியூயார்க் யாங்கீஸின் யாங்கி ஸ்டேடியத்தில், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில், பந்து வீசும் பிட்சர் அரோல்டிஸ் சாப்மனை எதிர்கொண்டார். சாப்மனும் இடதுகை. இடதுகை பேட்டருக்கு இடதுகைப் பிட்சர் என்றாலே சிரமம். அதிலும் அந்த ஆள் வீசுகிற வேகத்துக்குப் பெரிய பெரிய பேட்டர்களே பின்னால் சாய்வார்கள். மணிக்கு 102.8 மைல் வேகத்தில் வந்த பந்தைப் பையன் இடதுபக்க வேலிக்கு மேலே அனுப்பினான். ஆட்டம் சமன். பந்து வேகத்தைக் கருவி வைத்து அளக்க ஆரம்பித்த பிறகு, அதுவரை அவ்வளவு வேகமான பந்தை யாரும் ஹோம் ரன் ஆக்கியதில்லை. (அதே சாப்மன்தான் 2025இல் ரெட் சாக்ஸின் கிளோசர், அதாவது கடைசியில் வந்து வீசி ஆட்டத்தை முடித்துவைக்கும் பிட்சர். இந்த ஊர் விளையாட்டில் நேற்றைய எதிரி இன்றைக்கு டிரெஸ்ஸிங் ரூமில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பார்.)

இப்படிப்பட்ட பேட்டருக்கு 10 ஆண்டு, 313.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது 2023 ஜனவரியில். அது கிடைத்த சூழ்நிலையையும் மறந்துவிடக் கூடாது. அணியின் நட்சத்திரம் மூக்கி பெட்ஸை 2020இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்குத் தள்ளிவிட்டார்கள். இன்னொரு நட்சத்திரம் சாண்டர் போகார்ட்ஸ் 2022 டிசம்பரில் சான் டியேகோவுக்குப் போய்விட்டார். ஊரே கொதித்துக்கொண்டிருந்தது. ஜனவரி 2 அன்று ரெட் சாக்ஸின் மைதானமான ஃபென்வே பார்க்கில் ஐஸ் ஹாக்கி ஆட்டம் ஒன்று நடந்தது. அதற்கு வந்த உரிமையாளர் ஜான் ஹென்றியைக் கூட்டம் கூச்சல் போட்டு அவமானப்படுத்தியது. ஓரிரு நாளில் டெவர்ஸ் ஒப்பந்தச் செய்தி வெளியே வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போகிறேன்.

அந்த ஒப்பந்தத்தைப் போட்டவர் அப்போதைய நிர்வாகத் தலைவர் கைம் புளூம். அதே ஆண்டு செப்டம்பரில் அவரை வேலையை விட்டுத் தூக்கினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் கிரெய்க் பிரெஸ்லோ. ஒப்பந்தம் போடும்போது தர்ட் பேஸ் (ஃபீல்டிங்கில் மூன்றாவது பேஸைக் காக்கிற இடம்) உனக்குத்தான் என்று சொன்னார்கள் என்பது டெவர்ஸின் வாதம். அப்படிச் சொன்னவர் போய்விட்டார், புதிதாக வந்தவருக்கு அந்த வாக்கு கட்டுப்படாது. எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவருக்கும் இது பழகிய கதைதான்.

2025 பிப்ரவரியில் பிரெக்மன் வந்து சேர்ந்தார். பிரெக்மன் சிறந்த ஃபீல்டருக்கான தங்கக் கையுறை விருது வாங்கிய தர்ட் பேஸ்மேன். டெவர்ஸ் அந்த இடத்தில் வருடா வருடம் பிழை செய்து பெயர் வாங்கியவர். ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மாற்றியது சரிதான், இதில் நிர்வாகத்தின் பக்கம்தான் நிற்பேன். முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட டெவர்ஸ், அப்புறம் ஒத்துக்கொண்டு டெசிக்னேட்டட் ஹிட்டர் ஆனார். அதாவது பேட்டிங் மட்டும், ஃபீல்டிங் கிடையாது. மே மாதத் தொடக்கத்தில் ஃபர்ஸ்ட் பேஸ்மேன் டிரிஸ்டன் காசஸுக்கு முழங்கால் தசைநார் கிழிந்து சீசன் முடிந்துவிட்டது. உடனே டெவர்ஸிடம் போய், நீ ஃபர்ஸ்ட் பேஸ் ஆடுவாயா என்று கேட்டார்கள். கையுறையை எடுத்து வைக்கச் சொன்னதே நீங்கள்தானே, வேறு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள் என்று பத்திரிகைக்காரர்கள் முன்னாலேயே சொல்லிவிட்டார். ஹென்றி விமானம் பிடித்து கான்சஸ் சிட்டி வரைக்கும் போய்ப் பேசிப் பார்த்தார். பிரயோஜனமில்லை.

டெவர்ஸ் செய்ததை நியாயப்படுத்த வரவில்லை. அத்தனை சம்பளம் வாங்குபவர் அணிக்கு ஆள் இல்லாதபோது கொஞ்சம் இறங்கி வந்திருக்கலாம். சான் ஃபிரான்சிஸ்கோ போனதும் ஃபர்ஸ்ட் பேஸ் ஆடத்தானே செய்தார்! ஆனால் இந்தச் சண்டை எத்தனை பெரியது என்று யோசித்துப் பாருங்கள். அந்த சீசனில் ஒரு ஆட்டம்கூட விடாமல், இரண்டு அணிக்குமாகச் சேர்த்து 163 ஆட்டம் ஆடினார். மேஜர் லீகில் சீசனுக்கே 162 ஆட்டம்தான். நடுவில் அணி மாறியதால் ஒன்று கூடிவிட்டது. பாஸ்டனில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அடித்த 15 ஹோம் ரன்னும் ஸ்கோர் போர்டில் 15தான்.

ஜூன் 15 ஞாயிற்றுக்கிழமை. யாங்கீஸை மூன்று ஆட்டத்திலும் தோற்கடித்த நாள், கடைசி ஆட்டத்தில் டெவர்ஸே ஒரு ஹோம் ரன் அடித்திருந்தார். ஊரே குஷியில் இருந்தது. அணி சியாட்டிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் செய்தி வருகிறது: டெவர்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு. ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த 250 மில்லியன் டாலருக்கும் மேலான தொகை மொத்தத்தையும் ஜயன்ட்ஸ் ஏற்றுக்கொண்டது. பதிலுக்கு வந்தவர்கள் பிட்சர்கள் ஜோர்டன் ஹிக்ஸ், கைல் ஹாரிசன், மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை) பேட்டர் ஜேம்ஸ் டிப்ஸ், அப்புறம் ஹோஸே பெய்யோ என்ற இளம் பிட்சர்.

இந்தப் பட்டியலை ஒரு தரம் நிதானமாகப் பாருங்கள். மறுநாள் ஆட்டத்தில் டெவர்ஸின் இடத்தில் நின்று அடிக்க ஒருவர்கூட இல்லை. ஹிக்ஸ் வந்து பாஸ்டனுக்காக வீசியதில் அவருடைய ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கிற ரன், கூடினால் மோசம்) 8ஐத் தாண்டியது. ஹாரிசனை வூஸ்டருக்கு மைனர் லீகில் அனுப்பிவிட்டு செப்டம்பரில்தான் கூப்பிட்டார்கள். டிப்ஸ் ஆறே வாரத்தில் டாட்ஜர்ஸுக்குக் கைமாறினார். அவருக்குப் பதிலாக வந்த பிட்சர் டஸ்டின் மே, சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கிற பிளேஆஃபில் ஒரு பந்துகூட வீசவில்லை.

விற்றது சரி என்பவர்கள் சொல்வதில் எனக்கு உறைக்கிற வாதம் ஒன்றே ஒன்றுதான்: பணம். 2033 வரைக்கும் ஓடுகிற ஒப்பந்தம், முடியும்போது டெவர்ஸுக்கு 36 வயது. ஃபீல்டிங் இல்லாத பேட்டருக்கு அந்த வயதில் அவ்வளவு பணம் கொடுப்பது பிற்காலத்தில் உறுத்தும். அந்தப் பாரம் இறங்கியதால்தான் 2025-26 குளிர்காலத்தில் பிட்சர் ரேஞ்சர் சுவாரெஸுக்கு 5 ஆண்டு, 130 மில்லியன் கொடுத்துக் கூட்டிவர முடிந்தது என்கிறார்கள். இருக்கலாம். இளைஞர்களுக்கு இடம் கிடைத்தது என்பது இன்னொரு வாதம். இளம் பேட்டர் ரோமன் ஆன்டனியைச் சொல்கிறார்கள் என்றால், அவர் டெவர்ஸ் போவதற்கு முந்தின வாரமே மேஜர் லீகுக்கு வந்தாயிற்று.

அணி முன்னேறியதே என்று கேட்பார்கள். ஆமாம். ஜூலையில் தொடர்ந்து 10 ஆட்டம் ஜெயித்தது. 2024இல் 81 வெற்றி, 2025இல் 89. டெவர்ஸ் இல்லாமல் இன்னும் அதிக ஆட்டம் ஜெயிக்கக்கூடும் என்று பிரெஸ்லோ விற்ற கையோடு சொன்னபோது ஊர் சிரித்தது. சீசன் முடிந்ததும் அவர் ஆதரவாளர்கள் திரும்பச் சிரித்தார்கள். ஆனால் அந்த வெற்றிகளில் பெரும்பங்கு காரட் குரோஷே போன்ற பிட்சர்கள் முதுகில் வந்தது. ஹோம் ரன் பட்டியலைப் பார்த்தால் அணியில் முதலிடம் டிரெவர் ஸ்டோரி, 25. டெவர்ஸ் அந்த வருடம் மொத்தம் அடித்தது 35. பாஸ்டனில் 15, மிச்சம் 20 ஜயன்ட்ஸுக்கு. அதுவும் எந்த மைதானத்தில்? ஆரக்கிள் பார்க்கில் இடதுகை பேட்டருக்கு வலதுபக்கம் உயரமான சுவர், அதற்கு அந்தப்புறம் கடல். கொஞ்சம் நடுவில் தள்ளி அடித்தால் வேலி எங்கோ தூரத்தில் இருக்கும், மற்ற ஊரில் ஹோம் ரன் ஆவது அங்கே கேட்ச் ஆகிவிடும்.

ஜூன் 21 ஆட்டத்தை அதற்காகவே இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். விற்று ஒரு வாரம்கூட ஆகவில்லை, அட்டவணைப்படி ரெட் சாக்ஸ் அதே ஆரக்கிள் பார்க்குக்கு ஆடப் போகவேண்டியிருந்தது. பிட்சர் பிரயான் பெய்யோ, ஒரு வாரத்துக்கு முன் வரை கூட ஆடியவர். டெவர்ஸ் வலதுபக்கச் சுவரோடு மோதவே இல்லை. பந்தைக் கடைசிவரை உள்ளே வரவிட்டு, இடதுபக்கம் தூக்கி வேலியைத் தாண்டவைத்தார். ஃபென்வேயில் இடதுபக்கத்து உயரமான பச்சைச் சுவரைப் பார்த்து அடித்து அடித்துப் பழகிய அதே அடி. இரண்டு ரன். ஜயன்ட்ஸ் 3-2 என்று ஜெயித்தது.

என்னுடைய முக்கியமான சாட்சி செப்டம்பர் கடைசியில் இருக்கிறது. பிளேஆஃபின் முதல் சுற்றான வைல்ட் கார்டு, மறுபடியும் யாங்கி ஸ்டேடியம், மூன்று ஆட்டத் தொடர். முதல் ஆட்டம் குரோஷே தயவில் 3-1 வெற்றி. இரண்டாவது 4-3 தோல்வி. மூன்றாவதில் கேம் ஷ்லிட்லர் என்ற புதுப் பையன் எட்டு இன்னிங்ஸ் வீசி 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் செய்தான். ஒரு வாக்கைக்கூட (நாலு பந்தை வெளியே வீசி பேட்டருக்குச் சும்மா ஒரு பேஸ் தருவது) கொடுக்கவில்லை. 4-0. மூன்று ஆட்டத்தில் மொத்தம் ஆறு ரன். ஆன்டனி காயத்தில் வெளியே, காசஸ் காயத்தில் வெளியே. அந்த லைன்அப்பில் எதிரணிப் பிட்சர் பயந்து வெளியே வெளியே வீசுகிற மாதிரி ஒரு ஆள் இல்லை. டெவர்ஸ் அந்த சீசனில் நூற்றுக்கு மேல் வாக் வாங்கியவர். அவரைப் பார்த்தால் பிட்சர்கள் ஜாக்கிரதையாவார்கள், பின்னால் வருபவருக்கு அடிக்கத் தோதாகப் பந்து கிடைக்கும். ஷ்லிட்லர் அன்றைக்கு யாருக்கும் ஜாக்கிரதைப்பட வேண்டியிருக்கவில்லை.

பவர் ஹிட்டரை விற்று நல்ல விலை வாங்கிய அணியும் உண்டு. வாஷிங்டன் நேஷனல்ஸ் 2022இல் ஹுவான் சோட்டோவை சான் டியேகோவுக்கு விற்றது. 15 ஆண்டு, 440 மில்லியன் தருகிறோம் என்றார்கள், அவர் வேண்டாம் என்றார். இரண்டரை சீசனில் சும்மா கையை விட்டுப் போகப்போகிறவர். அப்போதே விற்றதால் ஜேம்ஸ் வுட், சி.ஜே. ஏப்ரம்ஸ், மெக்கன்ஸி கோர் மூவரும் கிடைத்தார்கள், மூவருமே பிறகு ஆல் ஸ்டார் ஆனார்கள். வுட் 2025இல் 31 ஹோம் ரன் அடித்தார். அவ்வளவும் கிடைத்தும் நேஷனல்ஸ் 2025இலும் பாதிக்கு மேல் தோற்ற அணிதான் என்பது வேறு விஷயம். விலை சரியாக இருந்தது.

மோசமான விலைக்கு மயாமி மார்லின்ஸ். 2017இல் 59 ஹோம் ரன் அடித்து எம்விபி (லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது) வாங்கிய ஜியான்கார்லோ ஸ்டான்டனை, சம்பளத்தைத் தலையை விட்டு இறக்கினால் போதும் என்று அதே டிசம்பரில் யாங்கீஸிடம் தள்ளியது. வந்தது ஸ்டார்லின் காஸ்ட்ரோவும் இரண்டு இளம் ஆட்டக்காரர்களும். அந்த இரண்டு பேரில் ஒருவர் ஹோஸே டெவர்ஸ், நம் ரஃபேலின் உறவுப் பையன்! பாஸ்டன் செய்தது இந்த வகைதான். இதில் மார்லின்ஸுக்காவது பணமில்லை என்ற சாக்கு இருந்தது, ரெட் சாக்ஸ் போன்ற அணிக்கு அதுவும் கிடையாது.

அப்படியானால் என்னதான் செய்திருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நவம்பர் வரை பொறுத்திருக்கலாம். சீசன் நடுவில், அதுவும் பிளேஆஃப் பந்தயத்தில் இருக்கும் அணி, ஜூலை டெட்லைனுக்கு (ஆட்டக்காரர்களைக் கைமாற்றக் கடைசி நாள்) ஆறு வாரம் முன்னாலேயே விற்றால் வாங்க வருபவர் எத்தனை பேர்? குளிர்காலத்தில் நாலைந்து அணிகள் கையில் பணத்தோடு வந்திருக்கும். அப்போதும் சண்டை ஓயவில்லையென்றால் தாராளமாக விற்றிருக்கலாம், ஒரு பேட்டரையாவது திரும்ப வாங்கியிருக்கலாம். இல்லை, ஜூனிலேயே விற்றுத்தான் ஆகவேண்டும் என்றால் ஜூலையில் வேறொரு ஹிட்டரை வாங்கியிருக்க வேண்டும். டெட்லைனில் இவர்கள் வாங்கியது இரண்டு பிட்சர்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். யாருக்காகத் தர்ட் பேஸைக் காலி செய்தார்களோ அந்த பிரெக்மன் ஒரே சீசனில் ஒப்பந்தத்திலிருந்து விலகி, கப்ஸிடம் 5 ஆண்டு, 175 மில்லியன் வாங்கிக்கொண்டு போய்விட்டார். டெவர்ஸ் போட மறுத்த ஃபர்ஸ்ட் பேஸ் கையுறைக்கு 2025 டிசம்பரில் செயின்ட் லூயிஸிலிருந்து வில்சன் கான்ட்ரேராஸை வாங்கினார்கள். அப்போது 33 வயது, 2025இல் 20 ஹோம் ரன். நல்ல ஆட்டக்காரர்தான், குறை சொல்லவில்லை. அவரை 2025 ஜூனிலேயே கொண்டுவந்திருந்தால் இந்தப் பதிவை எழுத எனக்கு வேலையே இருந்திருக்காது.

கமெண்டில் பேப் ரூத்தையும், அவரை யாங்கீஸுக்கு விற்றதால்தான் பாஸ்டனுக்குக் கோப்பை கிடைக்கவில்லை என்கிற சாபத்தையும் இழுத்துக்கொண்டு வராதீர்கள். ரூத்தை விற்று நூறு வருஷத்துக்கு மேலாகிறது, 2004இல் கோப்பை ஜெயித்தபோதே அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது. ஒப்பிட்டே ஆகவேண்டும் என்றால் ஃப்ராங்க் ராபின்சனோடு ஒப்பிடுங்கள். 30 வயதாகிறது, இனி இறங்குமுகம்தான் என்று சின்சினாட்டி 1965 டிசம்பரில் அவரை பால்டிமோருக்கு அனுப்பியது. மறு வருஷமே 49 ஹோம் ரன், டிரிபிள் கிரவுன் (பேட்டிங்கின் மூன்று முக்கியக் கணக்கிலும் லீகில் முதலிடம்), எம்விபி, வேர்ல்ட் சீரிஸ் என்று அத்தனையும் வாங்கினார். டெவர்ஸ் அவ்வளவு தூரம் போவாரா என்பதை ஜயன்ட்ஸ் ரசிகர்கள் யாராவது வந்து சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆரம்பிக்கிற மேற்குக் கரை ஆட்டத்தையெல்லாம் முழித்திருந்து பார்க்க என்னால் முடியவில்லை.